பிபிசி மைக்ரோ கணினியின் எட்டுத் திரைமுறைகள்

பிபிசி மைக்ரோ என்பது 1981 டிசம்பரில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த எட்டு பிட்டு வீட்டுக் கணினி. கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஏகார்ன் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனம் இதை உருவாக்கியது. பிரித்தானிய ஒலிபரப்புக் கழகமான பிபிசி, பொதுமக்களுக்குக் கணினி அறிவைப் புகட்டும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை 1982 சனவரியில் தொடங்கியது. அத்தொடருக்குத் துணையாக ஒரு கணினி வேண்டியிருந்தது. அந்த வேலைக்குத் தேர்வானதால் இப்பெயர் வந்தது. இதன் பேசிக் மொழியை எழுதியவர் சோஃபி வில்சன். வன்பொருள் வடிவமைப்பில் ஸ்டீவ் ஃபர்பர் முக்கியப் பங்கு வகித்தார். இவ்விருவரும் பின்னாளில் ஆர்ம் செயலியை வடிவமைத்தவர்கள் என்பதால், இன்று கைப்பேசி வைத்திருக்கும் எல்லோருக்கும் அவர்களுடன் ஒரு தொடர்பு உண்டு.

இக்கட்டுரை அக்கணினியின் முழு வரலாறு அல்ல. அதன் திரையில் எழுத்து எப்படித் தோன்றியது, அதை எப்படி மாற்றியமைத்தார்கள், அதற்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதை மட்டும் விளக்குகிறது. இன்றைய மாணவர்களுக்கு எழுத்தின் அளவை மாற்றுவது இரண்டு விரல்களை விரிக்கும் வேலை. அன்று வரிக்கு எத்தனை எழுத்து என்று முடிவு செய்பவர், தம் நிரலுக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதையும் அதே கணத்தில் முடிவு செய்துவிடுவார்.

எட்டு முறைகள்

பிபிசி மைக்ரோவில் மோடு 0 முதல் மோடு 7 வரை எட்டுத் திரைமுறைகள் இருந்தன. மோடு என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, எண்ணைத் தட்டி, ரிட்டர்ன் விசையை அழுத்தினால் போதும். திரை துடைக்கப்பட்டுப் புதிய முறை வந்துவிடும்.

மோடு 0 வரிக்கு 80 எழுத்தும் 32 வரிகளும் தந்தது. ஆனால் இரண்டே நிறங்கள். மோடு 1 இல் வரிக்கு 40 எழுத்து, நான்கு நிறங்கள். மோடு 2 இல் வரிக்கு 20 எழுத்துதான். பருத்த, அகன்ற எழுத்துகள். பதிலாக எட்டு நிறங்களும், மேலும் எட்டு மின்னும் நிறங்களும் கிடைத்தன. மோடு 4, மோடு 1 ஐப் போன்றது, நிறம் மட்டும் இரண்டு. மோடு 5, மோடு 2 ஐப் போல 20 எழுத்து, நான்கு நிறங்கள். இவை ஐந்திலும் கோடும் வட்டமும் வரையலாம். மோடு 3, மோடு 6 ஆகிய இரண்டும் எழுத்துக்கு மட்டுமே உரியவை. முன்னது வரிக்கு 80 எழுத்து, பின்னது 40, இரண்டிலும் 25 வரிகள். மோடு 7 தனிச் சாதி. அதைப் பற்றிப் பின்னர்.

கணினியை இயக்கியதும் பொதுவாக மோடு 7 தான் வரும். வேறு முறையில் தொடங்க வேண்டுமானால், விசைப்பலகையின் சுற்றுப்பலகையில் வலது கீழ் மூலையில் இருந்த சிறு இணைப்புப் புள்ளிகளைப் பற்றவைத்து மாற்றலாம். மூன்று இணைப்புகள், எட்டு வாய்ப்புகள். பள்ளியில் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில், இரண்டின் அடுக்குகளை விளக்க இதைவிட நேரடியான பொருளைக் காண்பது அரிது என்பேன்.

நினைவகக் கணக்கு

இதன் மையச் செயலி 6502. அதனால் 65,536 பைட்டு முகவரிகளை மட்டுமே காண முடியும். அதன் மேல்பாதியை இயக்கத் தொகுப்பும் பேசிக் மொழியும் எடுத்துக்கொண்டன. கீழ்ப்பாதியான 32,768 பைட்டுகள்தான் பயனருடைய நினைவகம். திரைக்கென்று தனி நினைவகம் கிடையாது. திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் இந்த 32,768 க்குள்ளிருந்துதான் வரவேண்டும்.

இப்போது பெருக்கிப் பார்க்கலாம். ஒவ்வோர் எழுத்தும் எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் வரையப்படுகிறது. இரண்டு நிறம் மட்டும் என்றால் ஒரு புள்ளிக்கு ஒரு பிட்டு, ஒரு எழுத்துக்கு எட்டு பைட்டு. மோடு 0 இல் 80 எழுத்து, 32 வரி, எட்டு பைட்டு: 80 × 32 × 8 = 20,480. அதாவது மொத்த நினைவகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. மோடு 1, மோடு 2 ஆகியவற்றுக்கும் இதே 20,480 தான். எழுத்து எண்ணிக்கை பாதியானால் நிறத்துக்கான பிட்டு இரட்டிப்பாகிறது, பெருக்குத்தொகை மாறுவதில்லை. மோடு 4, மோடு 5 இவற்றுக்கு 10,240.

எழுத்துக்கு மட்டுமான மோடு 3 இல் 80 × 25 × 8 = 16,000. இதற்கு 16,384 பைட்டு ஒதுக்கப்பட்டது. மோடு 6 இல் 8,000 தேவை, ஒதுக்கியது 8,192. இந்த இரு முறைகளிலும் வரிக்கும் வரிக்கும் இடையே இரண்டு வெற்றுக் கோடுகள் விடப்பட்டன. படிக்க இதமாக இருந்தது, நினைவகமும் மிச்சமாயிற்று. ஆனால் அந்த வெற்றுக் கோடுகள் நினைவகத்தில் எங்கும் இல்லாதவை என்பதால் அவற்றுக்கு நிறம் கொடுக்க இயலாது. பின்னணியை நீலமாக மாற்றினால் திரை முழுதும் நீலமும் கறுப்புமாகப் பட்டைபோட்ட சட்டை போல் தெரியும். பலருக்கு இது எரிச்சலூட்டியது.

திரை நினைவகம் மேல் முனையில், அதாவது 32,768 க்குக் கீழே ஒட்டி அமைந்தது. பயனரின் நிரல் கீழ் முனையில் தொடங்கி மேல்நோக்கி வளர்ந்தது. ஒலிநாடாவில் சேமிப்பவருக்கு நிரல் 3,584 ஆம் முகவரியில் தொடங்கும். வட்டு இயக்கி வைத்திருப்பவருக்கு, அந்த இயக்கியின் வேலைக்குச் சிறிது இடம் போய்விடுவதால், 6,400 இல் தொடங்கும். எனவே வட்டு இயக்கியுடன் மோடு 0 ஐத் தேர்ந்தவருக்கு 12,288 இலிருந்து 6,400 ஐக் கழித்தால் 5,888 பைட்டுகளே மிஞ்சும். நிரலும், அதன் மாறிகளும், அணிகளும் எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். வசதியான கருவியை வாங்கியவருக்கு இடம் குறைந்தது என்பது விந்தைதான்.

மலிவு விலை மாதிரியான 'ஏ' வகையில் நினைவகம் 16,384 மட்டுமே. அதில் மோடு 0 முதல் 3 வரை இயங்கவே இயங்கா. மோடு 4 ஐப் பயன்படுத்தினால் 2,560 பைட்டுகள் மிஞ்சும். முதலில் 235 பவுன் என அறிவிக்கப்பட்ட 'ஏ' வகை பின்னர் 299 ஆகவும், 335 பவுன் என்ற 'பி' வகை 399 ஆகவும் விலை உயர்ந்தன. ஆனாலும் பெரும்பாலோர் 'பி' வகையையே நாடியதற்கு மேற்சொன்ன கழித்தல் கணக்கு ஒரு காரணம்.

இந்த எல்லை நகர்வதைப் பேசிக் மொழியில் ஹைமெம் என்ற மாறியின் மூலம் காணலாம். முறையை மாற்றும்போதெல்லாம் அதன் மதிப்பு தானாக மாறும். பேசிக் மொழி தன் அடுக்கு நினைவகத்தை ஹைமெமுக்குக் கீழேதான் வைத்திருக்கும். அதனால் ஒரு செயல்முறைக்குள் இருக்கும்போது திரைமுறையை மாற்ற முயன்றால் 'தவறான மோடு' என்று கணினி மறுத்துவிடும். காலடியில் இருக்கும் தரையை நிற்கும்போதே உருவக் கூடாது அல்லவா? புதிதாகக் கற்றவர்கள் பலர் இந்தப் பிழைச் செய்தியின் பொருள் புரியாமல் திண்டாடினர். நிரலின் முதன்மைப் பகுதியில் முறையை மாற்றிவிட்டுப் பின் செயல்முறைகளை அழைப்பதே வழி.

செயலியும் திரையும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்தால் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க நேரும். பல வீட்டுக் கணினிகள் இதனால் வேகம் குறைந்தன. பிபிசி மைக்ரோவில் நினைவகச் சில்லுகள் நொடிக்கு நாற்பது இலட்சம் முறை அணுகக்கூடியவை. செயலிக்கு ஒரு முறை, திரைக்கு ஒரு முறை என மாறி மாறிப் பங்கிட்டதால் இரண்டு மெகாஹெர்ட்சு செயலி எந்த முறையிலும் தடையின்றி ஓடியது. இதன் தம்பியாக 1983 இல் வந்த ஏகார்ன் எலக்ட்ரான் கணினியில் செலவைக் குறைக்கச் சில்லுகளைக் குறைத்தார்கள். அதில் மோடு 0 முதல் 3 வரை போட்டால் கணினி கண்ணெதிரே மந்தமாகிவிடும்.

ஆயிரம் பைட்டில் ஒரு திரை

மோடு 7 இக்கணக்கையெல்லாம் தலைகீழாக்கியது. வரிக்கு 40 எழுத்து, 25 வரி, எட்டு நிறங்கள், மின்னும் எழுத்து, இரட்டை உயர எழுத்து அனைத்தும் ஆயிரம் பைட்டில் அடங்கின. ஒதுக்கியது 1,024.

பிற முறைகளில் எழுத்தின் வடிவம் புள்ளி புள்ளியாக நினைவகத்தில் எழுதப்படுகிறது. மோடு 7 இல் எழுத்தின் எண் மட்டுமே எழுதப்படுகிறது. அந்த எண்ணுக்குரிய வடிவத்தைத் திரைக்கு அனுப்பும் நேரத்தில் முல்லார்ட் நிறுவனத்தின் எஸ்.ஏ.ஏ. 5050 என்ற தனிச் சில்லு வரைந்து தரும். இச்சில்லு முதலில் கணினிக்காகப் பிறந்ததன்று. பிபிசி 1974 இல் தொடங்கிய சீஃபாக்ஸ் என்னும் டெலிடெக்ஸ்ட் சேவை, தொலைக்காட்சி அலைவரிசையுடன் செய்தியையும் வானிலையையும் எழுத்தாக அனுப்பியது. அதைத் தொலைக்காட்சிப் பெட்டியில் காட்டுவதற்கான சில்லு இது. ஒளிபரப்பு நிறுவனம் ஒன்று கணினிக்குப் பெயர் கொடுத்ததன் அடையாளம் இந்த ஏழாம் முறையில்தான் தெளிவாகத் தெரிகிறது. ஏகார்ன் தனியாக வெளியிட்ட எலக்ட்ரானில் மோடு 7 கிடையாது.

சிக்கனத்துக்கு விலை உண்டு. நிறத்தை மாற்றும் குறியீடும் ஓர் எழுத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 129 என்ற எண் சிவப்பு, 130 பச்சை, 131 மஞ்சள், 132 நீலம். இவை திரையில் ஒரு வெற்றிடமாகத் தெரியும். ஒவ்வொரு வரியும் மீண்டும் வெள்ளை எழுத்து, கறுப்புப் பின்னணி என்றே தொடங்கும். சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வேண்டுமானால், முதலில் சிவப்பு என்னும் 129, அதைப் பின்னணியாக்கு என்னும் 157, பிறகு வெள்ளை என்னும் 135. மூன்று கட்டங்கள் போய் 37 தான் மிஞ்சும். இரட்டை உயரத்துக்கு 141 ஐ இட்டு அதே சொற்களை அடுத்தடுத்த இரு வரிகளில் எழுத வேண்டும். மேல்வரி எழுத்தின் மேல்பாதியையும் கீழ்வரி கீழ்ப்பாதியையும் காட்டும். ஒரு வரியில் மட்டும் எழுதினால் தலை மட்டும் தெரியும்.

வழக்கமாக நிறத்தை மாற்றும் கலர் என்ற பேசிக் கட்டளை இங்கே பலிக்காது. சதுர அடைப்புக்குறிகள் அம்புக்குறிகளாகத் தெரியும், நெளி அடைப்புக்குறிகள் கால், முக்கால் என்ற பின்னங்களாகிவிடும். டெலிடெக்ஸ்ட் வாசகருக்குப் பின்னம் பயன்பட்டது, நிரலாளருக்கு அடைப்புக்குறி வேண்டும். பேசிக்குள்ளேயே பொறிமொழி எழுதும் வசதிக்கு இந்தச் சதுர அடைப்புக்குறிகள்தான் வாயில் என்பதால், மோடு 7 இல் எழுதியவர்கள் இடம் பார்க்கும் அம்பில் நுழைந்து வலம் பார்க்கும் அம்பில் வெளியேறினார்கள்.

அச்சிடப்பட்டதுபோல் மழுமழுவென்று இருந்த அந்த எழுத்துகளுக்கும் அச்சில்லே காரணம். சாய்கோடுகளில் அரைப்புள்ளிகளைச் சேர்த்து விளிம்புகளை வழவழப்பாக்கும் வேலையை அது தானாகச் செய்தது. மற்ற முறைகளில் எழுதியவற்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு கண்ணில் படும்.

வி.டி.யூ. என்னும் திறவுகோல்

திரையை நுணுக்கமாக மாற்றியமைக்க வி.டி.யூ. என்ற கட்டளை பயன்பட்டது. கணினி எழுத்துகளுக்கான எண் வரிசையில் 0 முதல் 31 வரையிலான எண்களுக்கு எழுத்து வடிவம் இல்லை. தொலையச்சுக் காலத்தில் 'மணியடி', 'வரி மாற்று' போன்ற ஆணைகளுக்கு அவை பயன்பட்டன. ஏகார்ன் பொறியாளர்கள் இந்த 32 எண்களில் பெரும்பாலானவற்றுக்குத் திரை சார்ந்த வேலைகளைப் பகிர்ந்தளித்தனர். 7 மணியடிக்கும். 12 திரையைத் துடைக்கும். 22 திரைமுறையை மாற்றும். மோடு என்ற பேசிக் கட்டளை உள்ளுக்குள் அனுப்புவதும் இதைத்தான். இந்த ஏற்பாட்டின் சிறப்பு, எந்த மொழியில் எழுதினாலும் ஓர் எழுத்தை அச்சிடும் வழியிலேயே திரையையும் கட்டுப்படுத்தலாம் என்பது.

19 நிறங்களை மாற்றியது. மோடு 3 இல் இரண்டே நிறங்கள் என்றேன். அவை கறுப்பும் வெள்ளையுமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எட்டு நிறங்களில் எந்த இரண்டையும் தேர்ந்துகொள்ளலாம். திரையில் ஏற்கெனவே உள்ள எழுத்துகளை மீண்டும் எழுதாமலேயே நிறம் உடனே மாறிவிடும். 28 என்பது திரையின் ஒரு பகுதியை மட்டும் எழுத்துச் சாளரமாக ஒதுக்கும். மேலே படம், கீழே நான்கு வரி விளக்கம் என்று பாட நிரல்கள் எழுத ஆசிரியர்களுக்கு இது கைகொடுத்தது. ஆனால் சாளரம் திறந்தால் உருட்டும் வேகம் குறையும். முழுத்திரையில் உருட்டும்போது 6845 என்ற திரைக்கட்டுப்பாட்டுச் சில்லிடம் 'இனி இந்த முகவரியிலிருந்து தொடங்கு' என்று சொன்னால் போதும்; ஒரு பைட்டும் நகர வேண்டியதில்லை. சாளரத்துக்குள் என்றால் செயலி ஒவ்வொரு பைட்டாக எடுத்து மேலே வைக்க வேண்டும்.

14 படிப்பவர்களுக்கு மிகவும் உதவியது. நீண்ட நிரலை லிஸ்ட் கட்டளையால் பார்க்கும்போது வரிகள் கண்ணில் படுமுன் மேலே ஓடிவிடும். கண்ட்ரோல் விசையுடன் 'என்' விசையை அழுத்தினால் இந்த 14 போய்ச்சேரும். அதன்பின் பக்கம் நிறையும்போது கணினி நின்று, விசைப்பலகையின் இரு விளக்குகளை ஒளிரச்செய்து, ஷிஃப்ட் விசைக்காகக் காத்திருக்கும். இது தெரியாமல் கணினி செத்துவிட்டது என்று எண்ணியவர்களும் இருந்திருப்பார்கள்.

வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் படம் சற்று மேலேறி முதல் வரி மறைந்துபோவதுண்டு. அதற்கு உடுக்குறி இட்டு டிவி 255 என்று தட்டினால் படம் ஒரு வரி கீழே இறங்கும். உடனே இறங்காது, அடுத்த முறை திரைமுறையை மாற்றும்போதுதான். அதே கட்டளையில் 0, 1 என்று இரு எண்களைக் கொடுத்தால் இடைப்பின்னல் நின்று, எழுத்தின் நடுக்கம் அடங்கும்.

எண்பது எழுத்தும் தொலைக்காட்சியும்

வரிக்கு 80 எழுத்து என்பது தட்டச்சுத் தாளின் அகலம். கடிதமோ அறிக்கையோ எழுதுவோர் அதைத்தான் விரும்பினார்கள். ஆனால் மோடு 0, மோடு 3 ஆகியவை ஒரு கோட்டில் 640 புள்ளிகளை அனுப்பின. நொடிக்கு ஒரு கோடியே அறுபது இலட்சம் என்ற வீதம் அது. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியின் ஆண்டெனா வழியாக அவ்வளவு நுணுக்கம் உள்ளே போகாது. எழுத்துகள் ஒன்றோடொன்று கரைந்து, 'எம்' எது 'என்' எது என்று தெரியாமல் போகும். தனித் திரைக்காட்டி வாங்க வேண்டும். மைக்ரோவைடெக் நிறுவனத்தின் கப் என்ற வண்ணத் திரைக்காட்டி இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவலாக இருந்தது. கணினிக்கு நிகரான செலவு. ஒற்றை நிறப் பச்சைத் திரைகள் மலிவானவை, எழுத்துக்கு அவையே மேல்.

இந்தத் தட்டுப்பாடு இரண்டு சொற்செயலி மென்பொருள்களை இரு வேறு வழிகளில் செலுத்தியது. ஏகார்ன்சாஃப்ட் வெளியிட்ட வியூ, தாளில் வருவதைப் போலவே 80 எழுத்து அகலத்தில் காட்டியது. மோடு 3 இல் வட்டு இயக்கியுடன் கிடைக்கும் இடம் 9,984 பைட்டு. மென்பொருளின் சொந்தத் தேவைகள் போக ஐந்தாறு பக்கங்கள் எழுதலாம். கம்ப்யூட்டர் கான்செப்ட்ஸ் வெளியிட்ட வேர்ட்வைஸ் மாற்று வழியில் சென்றது. மோடு 7 இல் 40 எழுத்து அகலத்தில் தட்டச்சு செய். தாளில் எப்படி அமையும் என்பதை வேண்டும்போது மட்டும் 80 எழுத்துத் திரையில் பார். இதனால் 25,344 பைட்டு வரை இடம் உண்டு, சாதாரணத் தொலைக்காட்சியே போதும். எழுதும்போது தாளின் தோற்றம் தெரியவேண்டுமா, நிறைய எழுத இடம் வேண்டுமா என்று இரண்டு கட்சிகள் உருவாயின. என் சார்பு வேர்ட்வைஸ் பக்கம். எழுதி முடிக்காத கட்டுரையின் ஓரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருப்பது இன்றும் தொடரும் வழக்கம்.

விளையாட்டு எழுதியவர்கள் எட்டு முறைகளில் ஒன்றைத் தேர்வதோடு நிற்கவில்லை. டேவிட் பிராபென், இயன் பெல் இருவரும் எழுதி 1984 இல் வெளிவந்த எலைட் என்ற விண்வெளி விளையாட்டு, திரையின் மேற்பகுதியை மோடு 4 போலவும் கீழ்ப்பகுதியை மோடு 5 போலவும் காட்டியது. திரையில் ஒளிக்கற்றை பாதி இறங்கும் நேரத்தைக் கடிகாரச் சில்லால் அளந்து, ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் முறையை மாற்றினார்கள். மேலே நுண்ணிய கோட்டுப்படம், கீழே வண்ண அளவுகாட்டிகள், செலவு 10,240 க்குள்.

இந்தியப் பள்ளிகளில்

இந்திய அரசு 1984-85 இல் பள்ளிகளில் கணினி அறிவைப் பரப்ப 'கிளாஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்தது பிபிசி மைக்ரோவையே. சுமார் 12,000 கணினிகள் மாநில அரசுகள் வழியாக உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் என்ற அரசு நிறுவனம் எஸ்.சி.எல். யூனிகார்ன் என்ற பெயரில் இதை இந்தியாவில் தயாரித்தது. எட்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், 1993 க்குப் பிறகு, கிளாஸ் திட்டம் மாற்றியமைக்கப்பட்டபோது பிபிசி மைக்ரோ கைவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இந்திய மாணவர்கள் பலர் முதன்முதலில் கண்ட கணினித் திரை மோடு 7 இன் கறுப்புத் திரைதான்.

அத்திரையில் ரோமன் எழுத்து மட்டுமே தெரிந்தது. இங்கேதான் திரைமுறை பற்றிய கேள்வி நமக்கு நெருக்கமாகிறது. இக்கணினியில் தமிழ் எழுத்தைக் காட்ட முடியுமா? மோடு 7 இல் முடியாது. எழுத்து வடிவங்கள் எஸ்.ஏ.ஏ. 5050 சில்லுக்குள் நிலையாகப் பொறிக்கப்பட்டவை. வெளியிலிருந்து ஒரு புள்ளியையும் மாற்ற இயலாது. மற்ற ஏழு முறைகளிலும் முடியும். வி.டி.யூ. 23 என்ற கட்டளை புது எழுத்தை வரைவதற்கானது. எழுத்தின் எண்ணையும், எட்டு வரிசைக்கு எட்டு எண்களையும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து வலமாகப் புள்ளிகளின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1.

'ட' எழுத்தை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் இரு புள்ளி அகலமுள்ள நெடுங்கோடு: 128 + 64 = 192. அது ஐந்து வரிசை. பிறகு அடிக்கோடு இரு வரிசை: 254. கடைசி வரிசை வெறுமை: 0. ஆக 192, 192, 192, 192, 192, 254, 254, 0. 'ப' எழுத்துக்கு இரு பக்கமும் கோடு: 198 ஐந்து முறை, 254 இரு முறை, 0. இந்த இரண்டும் எளிது. 'ண', 'ஞ' போன்றவற்றை எட்டுக்கு எட்டில் அடக்க முயல்பவர் உடனே இடமுட்டுவார். அவற்றுக்கு இரண்டு கட்டங்களைச் சேர்த்தால்தான் சுழிகள் பிரிந்து தெரியும்.

எண்ணிக்கையும் பார்க்க வேண்டும். இயல்பாக 32 எழுத்துகளை மட்டுமே புதிதாக வரையலாம். தமிழுக்கு உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்த மெய் 18, இகர ஈகார வடிவங்கள் 36, உகர ஊகார வடிவங்கள் 36, துணையெழுத்துகளான கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி 4. கூட்டினால் 125. ஔகாரத்துக்கு 'ள' வடிவமே உதவும். உடுக்குறியுடன் எஃப்.எக்ஸ். 20, 3 என்ற கட்டளை கொடுத்தால் வரையக்கூடிய எழுத்துகள் 128 ஆகும். பயனரின் நினைவகத்தில் 768 பைட்டு குறையும். 125 எழுத்து 128 இடத்தில் அமர்ந்துவிடும். ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற அளவில்தான், கிரந்த எழுத்துக்கு இடமின்றி, அகன்ற எழுத்துகளை நெருக்கித்தான். வட்டு இயக்கியுடன் மோடு 6 இல் 24,576 இலிருந்து 6,400 ஐயும் 768 ஐயும் கழித்தால் 17,408 பைட்டு மிஞ்சும். சிறு பாட நிரலுக்கு இது தாராளம்.

ஆக, கணினி வந்தடைந்த பள்ளியில் தமிழ் எழுத்துக்குத் தடையாக இருந்தது நினைவகம் அன்று. இயக்கியதும் வரும் திரைமுறை தமிழுக்கு முற்றாக மூடியிருந்தது; அதை விட்டு வெளியேறி, 125 எழுத்துக்கு எட்டெட்டாக ஆயிரம் எண்களைக் கணக்கிட்டுத் தட்டும் வேலை ஆசிரியருக்கோ மாணவருக்கோ விடப்பட்டிருந்தது.

நிழல் நினைவகம்

திரைக்கும் நிரலுக்கும் இடையிலான இழுபறியை ஏகார்ன் 1985 இல் வெளியிட்ட பி பிளஸ் மாதிரியில் தீர்த்தது. 64 கிலோபைட்டு நினைவகத்தில் ஒரு பகுதி திரைக்கென்றே ஒளித்து வைக்கப்பட்டது. இதை நிழல் நினைவகம் என்றார்கள். வழக்கமான முறை எண்ணுடன் 128 ஐக் கூட்டினால் போதும். மோடு 3 க்குப் பதில் மோடு 131 என்றால், அதே 80 எழுத்துத் திரை, ஆனால் ஹைமெம் 32,768 இலேயே நிற்கும். 1986 இல் வந்த மாஸ்டர் 128 இதையே தொடர்ந்ததோடு, வட்டு இயக்கி இருந்தாலும் நிரல் 3,584 இலேயே தொடங்கும்படி செய்தது. எனவே எந்த முறையிலும் 29,184 பைட்டு. பழைய 'பி' வகையில் மோடு 0 போட்டவருக்குக் கிடைத்ததைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு.

இக்கணினியை இன்று நேரில் காண்பது அரிது. ஆனால் இணைய உலாவியிலேயே இயங்கும் போன்மிகள் உள்ளன. ஆர்வமுள்ள மாணவர்கள் அவற்றில் மோடு 6 என்று தட்டிவிட்டு, வி.டி.யூ. 23, 224 என்பதோடு மேலே 'ட' வுக்குத் தந்த எட்டு எண்களையும், 225 உடன் 'ப' வுக்கான எட்டு எண்களையும் கொடுக்கலாம். பிறகு வி.டி.யூ. 225, 224, 225 என்றால் திரையில் மூன்று தமிழ் எழுத்துகள் நிற்கும். அதையே மோடு 2 இலும் மோடு 0 இலும் செய்து பார்த்தால் அகலம் மாறுவது தெரியும். மோடு 7 இல் மட்டும் அவை வரமாட்டா.